“சார்ட்டில் வராது, சார்!”

கிரேனின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ‘50 டன்’ என்று எழுதியிருக்கும். அது ஐம்பது டன் தூக்குமா? தூக்கும். பூமைச் சுருக்கி, அவுட்ரிகர் நான்கையும் முழுக்க விரித்து, கெட்டித் தரையில் நிறுத்தி, சுழலும் மையத்திலிருந்து மூன்று மீட்டருக்குள் சுமையை வைத்தால் தூக்கும். அதே வண்டியின் பூமை நீட்டி, முப்பது மீட்டர் தள்ளிக் கிடக்கும் சுமையைத் தூக்கச் சொல்லிப் பார். மூன்று டன்னுக்கே தாங்காது. பின்பக்க அவுட்ரிகர் மண்ணை விட்டு எழும்பும்போதுதான் பக்கத்தில் நின்றவர்களுக்கு விஷயம் புரியும். அப்போது ஓடுவதற்கு நேரம் இருக்காது.

வண்டியில் எழுதிய எண்ணைப் படிக்கத் தெருவில் போகிறவனுக்கும் தெரியும். கேபினுக்குள் இருக்கும் லோடு சார்ட்டைப் படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் ஆபரேட்டர் என்று பெயர்.

தம்பி, தங்கச்சி, உங்கள் மேலும் ஊர் ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கிறது. பத்தாவதில் இத்தனை மார்க், பிளஸ் டூவில் கணக்கில் இத்தனை, ஐடிஐயில் ஒரு அரியர். கல்யாண வீட்டில் “பையன் என்ன பண்றான்?” என்று யாராவது கேட்டால், உன் அப்பாவே குரலை இறக்கி “கிரேன்ல இருக்கான்” என்கிறார். கேட்டவர் “ஓ, டிரைவரா” என்று சொல்லிவிட்டுப் பாயசத்துக்குத் திரும்பிவிடுகிறார். அது போகட்டும். எனக்கு ஆத்திரம் அவர் மேல் இல்லை, உன் மேல். நீயும் அந்த எண்ணை நம்பிவிட்டாய். “நமக்கெல்லாம் என்ன தெரியும், லிவரைப் பிடிச்சு இழுக்கிற வேலை” என்று டீக்கடையில் நீயே சொல்கிறாய். அந்த வாயை மூடு. லிவரை இழுக்கும் வேலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பார்ப்போம். பார்த்த பிறகும் உன் வேலையை இளப்பமாகப் பேசத் தோன்றினால் பேசிக்கொள்.

முதலில் கணக்கு. உனக்குக் கணக்கு வராது என்று பள்ளிக்கூடத்தில் முடிவு கட்டினார்கள் அல்லவா? நாளை சைட்டில் கம்பிக் கட்டு ஒன்றைக் காட்டி, சூப்பர்வைசர் “ஒரு டன்தான் இருக்கும், தூக்குப்பா” என்பார். 25 மில்லிமீட்டர் கம்பி, 12 மீட்டர் நீளம், எண்ணிப் பார்த்தால் 40 கம்பி. கம்பியின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும் என்பது பார் பெண்டருக்கெல்லாம் மனப்பாடம். 25ஐ 25ஆல் பெருக்கினால் 625. 162ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.86 கிலோ. 12 மீட்டருக்கு 46 கிலோ சொச்சம். 40 கம்பிக்கு 1,850 கிலோ. ஒரு டன் என்றவர் கண்ணால் எடை போட்டார். நீ அரை நிமிடத்தில் அந்தச் சுமையின் உண்மையைச் சொல்லிவிட்டாய்.

கணக்கு இன்னும் முடியவில்லை. இரண்டு கால் ஸ்லிங்கில் அந்தக் கட்டை மாட்டுகிறார்கள். ஸ்லிங் தரையோடு 60 டிகிரி சாய்வில் நின்றால் ஒவ்வொரு காலுக்கும் ஏறத்தாழ 1,070 கிலோ விழும். ஸ்லிங் குட்டையாக இருக்கிறது, பரவாயில்லை என்று இழுத்து மாட்டி, சாய்வு 30 டிகிரிக்கு இறங்கிவிட்டால்? ஒவ்வொரு காலும் முழு 1,850 கிலோவைத் தாங்க வேண்டும். சுமை ஒரு கிலோகூடக் கூடவில்லை. கோணம் மாறியது, கயிற்றின் மேல் விழும் இழுவை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகிவிட்டது. கொக்கியின் எடை, ஸ்லிங்கின் எடை, ஷாக்கிளின் எடை எல்லாம் சேர்ந்ததுதான் கிரேன் தூக்கும் சுமை என்பதையும் கூட்டிக்கொள். இதெல்லாம் பொறியியல் கல்லூரியில் கரும்பலகையில் எழுதிப் போடும் கணக்கு. அங்கே தப்பாகப் போட்டால் மார்க் போகும். நீ போடும் இடத்தில் கீழே மேஸ்திரி நிற்கிறார், சித்தாள் நிற்கிறாள்.

ஆங்கிலம் தெரியாது, அதனால் சார்ட் படிக்க வராது என்று சொல்கிறவர்கள் உண்டு. கோபம் வருகிறது. ஒரு லோடு சார்ட்டில் உனக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்கள் இருபதைத் தாண்டாது. பூமின் நீளம், ரேடியஸ், எடை, அவுட்ரிகர் எவ்வளவு விரிந்திருக்கிறது, எதிர் எடை எவ்வளவு. மற்றதெல்லாம் எண்கள். சினிமா பாட்டு ஐந்நூறு மனப்பாடமாக வைத்திருக்கும் தலை அது. இருபது சொல்லுக்கு அதில் இடமில்லையா?

நம் ஊருக்கு இந்தக் கணக்கு புதிதும் இல்லை. கிணற்று மேட்டில் ஏற்றம் இறைத்ததைத் தாத்தாவிடம் கேட்டுப் பார். நட்ட மரத்தின் மேல் நீண்ட துலா; ஒரு முனையில் சால் தொங்கும்; துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். அவர் பின்னே நடக்க நடக்கச் சால் மேலே வரும். டவர் கிரேனின் பின்பக்கக் கையில் காங்கிரீட் கட்டைகள் தொங்குகின்றனவே, அவை அந்த ஏற்றக்காரரின் வேலையைத்தான் செய்கின்றன. எதிரே தூரம் கூடினால் பின்னே பாரம் கூட வேண்டும் என்பதை உள்ளங்காலால் அறிந்த குடும்பத்தில் பிறந்துவிட்டு, மோமென்ட் என்ற சொல்லைக் கேட்டதும் ஏன் பின்வாங்குகிறாய்?

இனி ஆட்டத்துக்கு வருவோம். கிரேன் வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

தொங்கும் சுமை ஆடும். கயிற்றின் நீளம் 25 மீட்டர் என்றால் சுமை ஒருமுறை போய்த் திரும்பிவர ஏறத்தாழ 10 விநாடி. ஒரு டன்னைத் தொங்கவிட்டாலும் அதே 10 விநாடி, முப்பது டன்னைத் தொங்கவிட்டாலும் அதே 10 விநாடி. கயிற்றைச் சுருக்கினால் ஆட்டம் வேகமாகும்; நீட்டினால் நிதானமாகும். டிராலி முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது, நீ நிறுத்துகிறாய். டிராலி நின்றது. சுமை நிற்கவில்லை, முன்னே போகிறது. கீழே சென்ட்ரிங் பலகைக்குப் பக்கத்தில் ஆட்கள். புதிதாக உட்கார்ந்தவன் என்ன செய்வான்? பதறிப்போய் டிராலியைப் பின்னுக்கு இழுப்பான். அங்கேதான் கெட்டது. ஆட்டம் பெரிதாகும். இன்னொரு முறை இழுப்பான், இன்னும் பெரிதாகும்.

தேர்ந்த கை அதற்கு நேர்மாறாகச் செய்யும். சுமை முன்னே போகும்போது டிராலியையும் அதன் பின்னாலேயே முன்னே செலுத்தும். சுமை தன் ஆட்டத்தின் கடைசி எல்லைக்குப் போய் ஒரு கணம் நிற்குமே, அந்தக் கணத்தில் டிராலி நேர் மேலே வந்து நிற்கும். அவ்வளவுதான். ஆட்டம் செத்துப்போகும். முப்பது டன் அப்படியே நூல் பிடித்தாற்போல் தொங்கும். அதைத் துறைமுகத்தில் ஒருமுறை பார்த்தவர்கள் வாயடைத்து நிற்பார்கள். ‘ஸ்விங் பிடிக்கிறது’ என்று அதற்குச் சைட்டில் பேர்.

பயம் வந்தால் கை தானாகப் பின்னுக்கு இழுக்கும். அது உடம்பின் குணம், அதில் வெட்கம் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் போனால் ஆட்டம் அடங்கும் என்று தெரிந்துகொண்டு, அந்தப் பயத்தின் மேலேயே கையை முன்னே தள்ளுகிறாய் பார், அது பிறவியில் வந்த துணிச்சலா? கிடையாது. வெறும் கொக்கியோடு, யாரும் இல்லாத நேரத்தில், திரும்பத் திரும்பப் பழகி வருவது. தன்னம்பிக்கை வகுப்புக்குப் பணம் கட்டி, கண்ணாடி முன்னால் நின்று “நான் வெல்வேன்” என்று கத்துகிறவர்கள் கத்தட்டும். நீ மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்மேனிடம் கேட்டுக் கால் மணி நேரம் ஸ்விங் பிடித்துப் பழகு. சாயங்காலம் உன் கையே உனக்குச் சொல்லும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

இந்தத் தொழிலில் தன்னம்பிக்கை என்பது எதையும் தூக்கிக் காட்டுவது என்று ஒரு கூட்டம் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும். “அவன் தில்லான ஆளுப்பா, லிமிட் ஸ்விட்சை பைபாஸ் பண்ணி பத்து டன் தூக்கினான்” என்று கதை சொல்வார்கள். அந்தக் கதையில் வருகிறவன் வீரன் இல்லை. அவனுக்கு “முடியாது” என்று சொல்லப் பயம். முதலாளி கோபித்துக்கொள்வாரோ, அடுத்த மாதம் வேறு ஆளைப் போட்டுவிடுவாரோ, கூட இருக்கிறவன் சிரிப்பானோ என்ற பயம். அந்தப் பயத்தை மறைக்கத்தான் பத்து டன்.

1854இல் நியூயார்க்கின் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் என்பவர் ஒரு திறந்த லிஃப்ட் மேடையில் ஏறி நின்றார். மேலே போனதும், மேடையைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். வெட்டினார்கள். மேடை சற்றே இறங்கி, பற்களில் மாட்டி நின்றது. சுமையைத் தூக்கும் மேடைகள் அதற்கு முன்பே இருந்தன. கயிறு அறுந்தால் ஆள் செத்தான் என்பதால் மனிதர்கள் ஏறவில்லை. ஓடிஸ் காட்டியது நிறுத்தத்தை. மூன்று ஆண்டு கழித்து, 1857இல், நியூயார்க்கில் ஒரு கடைக் கட்டடத்தில் ஆட்கள் ஏறும் லிஃப்ட் வந்தது. இன்று நாற்பது மாடி, ஐம்பது மாடி என்று மனிதன் மேலே குடியேறியிருக்கிறான் என்றால், அன்று ஒரு மேடை கீழே விழ மறுத்ததால்தான்.

நீயும் மறுக்கப் பழகு.

எப்படி மறுப்பது என்பதில்தான் தொழில் இருக்கிறது. “என்னால முடியாது சார்” என்று முனகாதே. அது கோழையின் குரலாகக் கேட்கும், மிரட்டித் தூக்க வைத்துவிடுவார்கள். கையில் சார்ட்டை எடு. விரலை வைத்துக் காட்டு. “சார்ட்டில் வராது, சார். இருபத்தெட்டு மீட்டர்ல 1,200 கிலோதான் கொடுத்திருக்கான். கட்டு 1,850 வருது. ரெண்டா பிரிச்சுக் கொடுங்க, பத்து நிமிஷத்துல ஏத்திடறேன். இல்லேன்னா அந்த மண்ணைத் தள்ளிக் கொடுங்க, வண்டியை எட்டு மீட்டர் கிட்ட கொண்டுவந்து சார்ட்டை மறுபடி பார்க்கிறேன்.” மறுப்பும் அதோடு வழியும் ஒரே மூச்சில் வரட்டும். அப்படிப் பேசுகிற ஆபரேட்டரை ஒரு முறை திட்டுவார்கள், இரண்டாம் முறை முறைப்பார்கள். மூன்றாம் முறை பெரிய லிஃப்ட் வரும்போது “அந்தத் தம்பியைக் கூப்பிடுங்க” என்பார்கள்.

திட்டிவிட்டு வேலையை விட்டே அனுப்பினால்? அனுப்புவார்கள், அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள். பொய் சொல்ல மாட்டேன். அந்த மாதம் வீட்டில் கஷ்டம்தான். ஆனால் தூக்கிக் கவிழ்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் யோசி. “தூக்கு” என்று சொன்னவர் செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்லுவார். எழுத்தில் எதுவும் இருக்காது. லிவரில் இருந்தது உன் கை. போலீஸ் முதலில் கேட்பது உன் பெயரை.

2023 ஜனவரியில் அரக்கோணம் பக்கம் நெமிலி அருகே, கோயில் திருவிழாவில் சுவாமிக்கு மாலை போட ஆட்களைக் கிரேனில் தொங்கவிட்டார்கள். கிரேன் சாய்ந்தது. நான்கு பேர் போனார்கள். சரக்கைத் தூக்கச் செய்த கருவியில் மனிதனைத் தொங்கவிடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஊரே கூடி, மேளம் அடித்து, சாமி பேரைச் சொல்லிக் கேட்கும்போது மறுப்பது லேசா? லேசில்லை. அந்த இடத்தில் நிற்கத்தான் உனக்கு நெஞ்சு வேண்டும். ஊருக்கு ஒரு ஹைட்ரா வண்டி நிற்கிற இந்தக் காலத்தில், வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளைக்கு இந்தச் சோதனை வரும். அது உனக்கு வந்தால் சாவியைக் கழற்றிப் பையில் போடு. சாமி கோபித்துக்கொள்ளாது.

ஹைட்ராவைச் சொன்னதால் ஒரு வார்த்தை. சுமையைத் தொங்கவிட்டபடி நகர்கிற வண்டி அது. இடுப்பில் ஒடிந்து திரும்பும். திரும்பும்போதுதான் சமநிலை மாறும். பல பெரிய நிறுவனங்கள் அதைத் தங்கள் சைட்டுக்குள்ளேயே விடுவதில்லை. அதில்தான் நம் பிள்ளைகள் பாதிப் பேர் தொழில் கற்கிறார்கள். கற்றுக்கொள், தப்பில்லை. அதிலேயே தங்கிவிடாதே.

கிரேன் உலகத்தில் ஓர் அழகான வழக்கம் உண்டு. ஆபரேட்டருக்குச் சிக்னல் கொடுக்க ஒரே ஒரு ஆள்தான். நான்கு பேர் நான்கு பக்கம் கை காட்டினால் பார்க்கக் கூடாது. ஆனால் ‘நிறுத்து’ என்ற சிக்னலை மட்டும் யார் கொடுத்தாலும் நிறுத்த வேண்டும். சிமென்ட் சட்டி தூக்கும் அம்மா கையைக் காட்டினாலும் நிறுத்த வேண்டும். எம்.டி.யே வந்து நின்று “தூக்கு” என்றாலும் சிக்னல்மேன் கை அசையாமல் தூக்கக் கூடாது. தூக்கும் கட்டளைக்கு ஒருவருக்குத்தான் அதிகாரம், நிறுத்தும் கட்டளைக்கு எல்லோருக்கும் அதிகாரம். நம் நாட்டில் இப்படி ஒரு ஜனநாயகம் வேறு எந்த வேலையில் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை.

காற்றுக்கு வருவோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. பல டவர் கிரேன்களுக்கு மணிக்கு 72 கிலோமீட்டர்தான் வேலை செய்வதற்கான உச்ச வரம்பு. பலகை, ஷீட் மாதிரி அகலமான சுமை என்றால் அதற்கு வெகு முன்பே நிறுத்திவிட வேண்டும். வேலை முடிந்து இறங்கும்போது புதியவன் எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டிவிட்டு வரத்தான் நினைப்பான். டவர் கிரேனில் சுழலும் பிரேக்கை விடுவித்துவிட்டு இறங்க வேண்டும். ஜிப் காற்றோடு தானாகத் திரும்பிக்கொள்ளும், காற்றின் வழியில் நிற்காது. 2016 டிசம்பரில் சென்னைக்கு வார்தா வந்தது போல ஒரு புயல் வரும் நாளில் ஆபரேட்டர் வீட்டில் படுத்திருப்பார். அவர் முந்தின நாள் மறக்காமல் விடுவித்த அந்த பிரேக் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். 2015 செப்டம்பரில் மக்காவில் பெரிய மசூதியின் மேல் ஒரு ராட்சதக் கிரேன் சாய்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலத்த காற்று. வேலை இல்லாத நேரத்தில் பூமை இறக்கி வைக்கச் சொல்லியிருந்தது கையேடு. இறக்கவில்லை என்றது விசாரணை. ஒரு கையேட்டின் ஒரு பக்கம், தம்பி. கையேட்டை வாங்கித் தலைக்கு வைத்துப் படுக்காதே, படி.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே அன்றைக்கே இதையெல்லாம் எழுதி வைத்திருந்தது: ஹாய்ஸ்ட், லிஃப்ட் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது, கிரேன், சங்கிலி, கயிறு என்றால் ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும், எவ்வளவு எடை தூக்கலாம் என்பதைக் கருவியின் மேல் தெளிவாகக் குறிக்க வேண்டும், ஓவர்ஹெட் கிரேனின் பாதையில் ஆள் வேலை செய்தால், அந்த இடத்துக்கு ஆறு மீட்டருக்குள் கிரேன் வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, “சர்டிஃபிகேட் எங்கே சார்?” என்று கேட்பது திமிர் இல்லை. உன் தாத்தா காலத்துச் சட்டம் வாங்கிக் கொடுத்த கேள்வி அது. நிமிர்ந்து கேள்.

இன்னொன்றையும் நிமிர்ந்து கேள். இது என் தனிப்பட்ட எரிச்சல். கோடிக்கணக்கில் கட்டடம் எழுப்புகிறார்கள், டவர் கிரேனில் ஏறுகிற மனிதன் மூத்திரம் போக என்ன செய்வான் என்று ஒரு வரைபடத்திலும் யோசிக்கவில்லை. அவன் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, சித்திரை வெயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறான். துறைமுகத்தில் கீழே பார்க்கக் கேபின் தரையே கண்ணாடி. எட்டு மணி நேரம் முன்னால் குனிந்து உட்கார்ந்து கழுத்தும் இடுப்பும் போய்விடுகின்றன. இடைவேளை கேள். நல்ல நாற்காலி கேள். இரவு ஷிப்ட் முடித்தவனை அப்படியே பகல் ஷிப்ட்டில் உட்கார வைத்தால் ஏறாதே. தூக்கத்தில் இருக்கும் கை எந்தச் சார்ட்டையும் படிக்காது. உடம்பைப் பார்த்துக்கொள்வது சுகவாசித்தனம் என்று நினைக்காதே. கிரேனில் உன் முதுகும் ஒரு பாகம்.

சரி, இதில் எவ்வளவு தூரம் போகலாம்?

கலாசியாகக் கயிறு பிடித்து ஆரம்பிக்கலாம். ரிக்கர், சிக்னல்மேன், சின்ன வண்டி, பெரிய வண்டி, டவர், கிராலர் என்று ஏறலாம். கீழே நின்று சுமை கட்டிப் பழகியவன் மேலே உட்கார்ந்தால் அவன் கண்ணே வேறு மாதிரி இருக்கும், அதனால் கலாசி வேலையைக் கேவலமாக நினைத்துத் தாண்டிக் குதிக்காதே. திருச்சியிலும் நெய்வேலியிலும் பெரிய ஆலைகளின் உச்சியில் ஓவர்ஹெட் கிரேன்கள் ஓடுகின்றன. துறைமுகத்துக்கும் போகலாம். 1956இல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 கன்டெய்னர் பெட்டிகளோடு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. 1959இல் கலிஃபோர்னியாவின் அலமேடாவில் பெட்டி தூக்கவென்றே ஒரு கிரேன் எழுந்தது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983இல் வந்துவிட்டது. இன்று சென்னை, காட்டுப்பள்ளி, எண்ணூர், தூத்துக்குடி என்று நம் கரை நெடுக அந்த உயரமான கிரேன்கள் நிற்கின்றன. நாற்பது அடிப் பெட்டி சரக்கோடு முப்பது டன் வரை வரும். அதன் நான்கு மூலைத் துளைகளில் ஸ்பிரெடரின் நான்கு பூட்டுகள் இறங்கித் திரும்ப வேண்டும். நல்ல ஆபரேட்டர் ஒருவர் இதை மணிக்கு இருபத்தைந்து, முப்பது தடவை செய்கிறார்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். கன்னியாகுமரிக்குப் பக்கத்து மாவட்டத்தில், விழிஞ்ஞம் துறைமுகத்தில், யார்டு கிரேன்களைப் பெண்கள் இயக்குகிறார்கள். அந்தக் கடற்கரை ஊர்ப் பெண்களும் அதில் இருக்கிறார்கள். கேபினில் ஏற வேண்டியதில்லை. கட்டுப்பாட்டு அறையில் கேமரா திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கில் பெட்டிகளை அடுக்குகிறார்கள். “பொம்பளைப் பிள்ளை கிரேனா?” என்று உன் மாமா கேட்டால், வண்டியில் ஏற்றி விழிஞ்ஞத்துக்குக் கூட்டிக்கொண்டு போ.

இதைச் சொன்னதும் இன்னொரு பயம் கிளம்பும். கேபினே இல்லாமல் போனால் நம் வேலையும் போய்விடாதா? ராட்டர்டாமின் மாஸ்விளாக்டே முனையத்தில் 2015இலேயே கப்பலில் இருந்து பெட்டி எடுக்கும் கிரேன்களைத் தூரத்து அறையிலிருந்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். காலம் அந்தப் பக்கம்தான் போகிறது, ஆட்களும் குறைவார்கள், மறைக்க ஒன்றுமில்லை. அந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பார்கள்? திரையில் சுமை ஆடும்போது அது எந்தப் பக்கம் போய் நிற்கும் என்று தெரிந்தவரை. வெறும் லிவர் இழுத்தவன் வெளியே நிற்பான். கணக்கும் கையேடும் ஸ்விங்கும் தெரிந்தவனுக்கு இடம் மாறும், அவ்வளவே. எந்தப் பக்கம் நிற்கப் போகிறாய் என்பதை இன்றைக்கே முடிவு செய்ய முடியும்.

சிங்கப்பூர், வளைகுடா என்று போகிறவர்களுக்கு இரண்டு வரி. சிங்கப்பூரில் கிரேன் ஓட்ட மனிதவள அமைச்சகத்தில் பதிவு வேண்டும்; வளைகுடாவில் பெரிய வேலை என்றால் மூன்றாம் தரப்புத் தேர்வுச் சான்று கேட்பார்கள். இங்கே வாங்கிய தாளைக் காட்டி அங்கே ஏறிவிடலாம் என்று சொல்கிற ஏஜென்ட்டை நம்பாதே. அவர் பதிவு பெற்றவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பார்த்துவிட்டுப் பிறகு பேசு. நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டாதே. தொழில் தெரிந்த கைக்கு அவசரம் ஆகாது.

நாளைக் காலை சைட்டுக்குப் போனதும் என்ன செய்யப் போகிறாய்? ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றி ஒரு நடை. அவுட்ரிகர் காலடியில் பழைய பள்ளம் தூர்த்த மண் இருக்கிறதா பார். மேலே மின்கம்பி போகிறதா பார். பூம் கம்பியைத் தொட்டுவிட்டால் கேபினை விட்டு இறங்காதே, கீழே இருப்பவர்களை வண்டியைத் தொடாமல் விலகச் சொல். கயிற்றில் பிரி விட்டிருக்கிறதா, கொக்கியின் வாய்ப்பூட்டு மூடுகிறதா, ஹாரன் அடிக்கிறதா, மேலே போகும் கொக்கியை லிமிட் ஸ்விட்ச் நிறுத்துகிறதா. முதல் சுமையை ஒரு சாண் உயர்த்தி நிறுத்து. பிரேக் பிடிக்கிறதா, கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு மேலே கொண்டு போ. இதற்கெல்லாம் நேரம் ஆகிறது என்று கீழேயிருந்து யாராவது கத்துவார்கள். கத்தட்டும். கேபினில் லோடு சார்ட் இருக்கிறதா? இல்லையென்றால் கேள். “ஆபீஸ்ல இருக்குப்பா, நீ ஆரம்பி” என்பார்கள். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, “எடுத்துட்டு வாங்க சார், காத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு டீ குடி.